திருகோணமலையில் வாங்கிய ஊசி அரத் தொகுதி

பூட்டுத் திறக்கும் கம்பிகளைக் கையால் செய்து, சொந்தமாக வாங்கிய பூட்டுகளில் மட்டும் பழகும் பொழுதுபோக்குக்காக, மத்திய வீதியிலுள்ள ஓர் இரும்புக்கடையில் நுண்ணிய வேலைக்கான பத்து மெல்லிய ஊசி அரங்கள் கொண்ட தொகுதியொன்றை வாங்கினேன். "தம்பி, நகை வேலையோ?" என்று கடைக்காரர் கேட்டதில் வியப்பில்லை, இவ்வரங்களைப் பெரும்பாலும் பொற்கொல்லர்களே வாங்குகிறார்கள்.

கம்பிகளுக்கு நான் பயன்படுத்தும் உருக்கு, தேய்ந்துபோன இரும்பறுக்கும் வாள் அலகுதான். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் என்பதால், சாதாரண ஆமைப்பூட்டுகள் பலவற்றின் சாவித்துவாரத்துக்குள் நுழைந்து, உள்ளே வில்சுருளால் அழுத்தப்பட்டிருக்கும் முளைகளை ஒவ்வொன்றாக உயர்த்த அது போதுமானது. பற்கள் மட்டும் கடினமாக்கப்பட்ட, வளையக்கூடிய அலகின் முதுகுப்பகுதியை இவ்வரங்கள் சீராகத் தேய்க்கின்றன. முழுவதும் கடினமாக்கப்பட்ட அலகிலோ அரம் வழுக்கி, அதன் பல்லே மழுங்கிவிடுகிறது. அவசரப்பட்டு மின் சாணைக்கல்லில் தேய்த்தால், சாதாரண கரிம உருக்கு சூடேறி நீலம் பாரித்து வலுவிழந்துவிடும் என்பதால், பொறுமையுள்ளவர்களுக்குக் கை அரமே உகந்தது.

பத்தில் உண்மையில் உழைப்பவை தட்டை, அரைவட்டம், உருண்டை ஆகிய மூன்றே. கம்பியின் கொக்கி போன்ற நுனியின் உள்வளைவை உருண்டை அரம் மிக நேர்த்தியாக எடுத்துத் தருகிறது. மற்றவை பெட்டியை நிரப்புகின்றன.

பிளாஸ்ரிக் கைபிடிகள் தளர்வானவை. பசையிட்டே பொருத்த வேண்டியிருந்தது. எங்கள் ஊரின் உப்புக்காற்றில் துரு விரைவாகப் பிடிப்பதால், தையல் இயந்திர எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைப்பது நல்லது. விலைக்கு இது போதுமான பொருள். மூன்று அரங்களையும் தனித்தனியாக விற்றால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.