பழைய புத்தகமா, புதிய பதிப்பா?

பழைய புத்தகம் என்றால் நம் வீடுகளில் இரண்டு கட்சி உண்டு. "யார் வீட்டில் கிடந்ததோ, யார் கை பட்டதோ" என்று தொடவே தயங்குகிறவர்கள் ஒரு பக்கம். முதல் பக்கத்தில் மங்கிய மையில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டால் கீழே வைக்க மனம் வராதவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் அல்ல.

'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்வோம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் அதை அச்சிடுகின்றன. சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்குக்கு அரங்கு கிடைக்கும். பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. கதை மட்டும் வேண்டுமென்றால் அது போதும்.

ஆனால் 1950களில் அது இதழில் வாராவாரம் வந்தபோது, பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, யாரோ ஒருவர் பைண்டு செய்து வைத்த தொகுதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணியத்தின் ஓவியங்கள் அந்தந்த இடத்திலேயே இருக்கும். சில பக்கங்களின் பின்புறத்தில் வேறொரு கதையின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். லை, னை எல்லாம் பழைய வடிவில், யானைத் தும்பிக்கை போன்ற சுழியோடு நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளிக்குப் போன எனக்கு முதல் பத்துப் பக்கம் தடுமாற்றம்தான். பிறகு கண் பழகிவிட்டது. அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று காத்திருந்து, ஒரு வாரமும் தவறவிடாமல் சேர்த்த அந்த முகம் தெரியாத வாசகரோடு சேர்ந்து படிக்கிற உணர்வைப் புதிய பதிப்பு எதுவும் எனக்குத் தந்ததில்லை.

பழையது என்றால் மலிவு என்பதும் எப்போதும் உண்மையல்ல. இத்தகைய தொகுதிகளின் அருமை விற்பவருக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகும் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் நடைபாதைகளில் இந்த வியாபாரம் உயிரோடு இருந்ததற்கு, தேடி வந்தவர்களின் பித்துதான் காரணம். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படித் தேடித் தேடிச் சேர்த்தவைதான் இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. யாரும் வாங்காவிட்டால், பெரியவர் மறைந்த வீட்டின் அலமாரி பழைய பேப்பர் கடைக்கு எடைக்குத்தான் போகும்.

குறைகளும் உண்டு. இணையத்தில் வாங்கிய ஒரு நாவலில் கடைசிப் பாரமே, அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டே, இல்லை. பதினாறு பக்கம் போயிற்று. அன்றிலிருந்து நேரில் புரட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. இராமபாணப் பூச்சி துளைத்திருந்தால், எவ்வளவு அரிய நூலானாலும் மற்ற புத்தகங்களோடு உடனே சேர்ப்பதில்லை. பாடநூல், தேர்வு வழிகாட்டி இவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். பாடத்திட்டம் மாறினால் பிள்ளையின் ஓராண்டு உழைப்பு வீண்.

வாழும் எழுத்தாளர் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. நடைபாதையில் விற்கும் பிரதியிலிருந்து அவருக்கு ஒரு ரூபாய்கூட உரிமைத்தொகை போகாது. ஆயிரம் பிரதி விற்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் நம் எழுத்தாளர்கள். ஆகவே ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்பு பாதி விலைக்குக் கண்ணில் பட்டாலும், அதை அங்கேயே வைத்துவிட்டுப் பதிப்பகத்திடம் முழு விலை கொடுத்து வாங்குகிறேன்.