பூம்பாறை வீட்டில் கேஸ் பிரிட்ஜ்: ஆறு வருட அனுபவம்

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைப் புரட்டிப் போட்டபோது, பூம்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் பல நாள் கரண்ட் இல்லை. அம்மாவின் இன்சுலினை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் வைத்துச் சமாளித்தோம். மறு வருடமே, பழைய பங்களா ஒன்றில் சும்மா கிடந்த, கரண்ட் இல்லாமல் கேஸ் தீயில் ஓடும் பிரிட்ஜை வாங்கி வந்துவிட்டேன்.

இதில் மோட்டார் கிடையாது, சத்தமும் வராது. பின்னால் எரியும் சின்னத் தீ, குழாய்க்குள் இருக்கும் அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து பிரித்து ஆவியாக்குகிறது. அது குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் பகுதியில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. திரவம் தானாக வழிந்துதான் ஓட வேண்டும் என்பதால் பெட்டி நேராக நிற்க வேண்டும். எங்கள் வீட்டுப் பலகைத் தரை மழைக்காலத்தில் ஒரு பக்கம் இறங்கும். மாதம் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன்.

ஐஸ் எடுப்பதுதான் முக்கியமான வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஈரம் உள்ளே போய், பெட்டியைக் குளிரவைக்கும் அலுமினியத் தகடுகளில் ஐஸாகப் படியும். கால் அங்குலம் ஏறிவிட்டால் ஐஸே போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். தீ எரியும், கேஸ் செலவாகும், பால் மட்டும் திரிந்து போகும். அதனால் மழையில் பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் நாளில் மாதம் ஒருமுறை எடுக்கிறேன். காலையில் கேஸை மூடி, சாமானை வெளியே எடுத்து, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைப்பேன். ஒரு மணி நேரத்தில் ஐஸ் பாளம் பாளமாக விழும். கத்தியால் சுரண்டவே கூடாது. குழாயில் ஓட்டை விழுந்தால் பிரிட்ஜின் கதை முடிந்தது. பிறகு துணியால் ஈரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் தீ ஏற்ற வேண்டும். மறுபடி நன்றாகக் குளிர ஒரு ராத்திரி ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை.

அப்புறம் பர்னர். தீ நீலமாக இருக்க வேண்டும். மூன்றாம் வருடம் மஞ்சளாக எரிந்தபோது, ஜெட்டில் (பர்னருக்குக் கேஸ் வரும் சின்னத் துளை) அடைப்பு என்று ஊசியால் குத்திவிட்டேன். துளை பெரிதாகி, புகைபோக்கி முழுக்கக் கரி. புது ஜெட் போட்ட பிறகுதான் சரியானது. இப்போது ஜெட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காயவைத்து மாட்டுகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை புகைபோக்கிக்குள் இருக்கும் முறுக்குத் தகட்டை எடுத்து, கீழே பர்னரை மூடிவிட்டு, மேலிருந்து பிரஷ் விடுவேன். மஞ்சள் தீயில் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. குளிருக்குப் பயந்து ஜன்னலை முழுக்க அடைக்காதீர்கள், தயவுசெய்து.

14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு ஒன்றரை மாதம் வரும். வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால், தை மாத உறைபனிக் காலையில் பாதி தீர்ந்த சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ சுருங்கும். வெயில் படுகிற இடத்தில் நிமிர்த்தி வைத்தாலே போதும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் டியூப் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறேன். அம்மோனியாவின் காரமான நெடியோ, பின்குழாயில் மஞ்சள் கறையோ தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது வீட்டில் பழுது பார்க்கிற விஷயமில்லை.

ஒருமுறை இன்சுலின் தகட்டை ஒட்டியிருந்து உறைந்துபோனது, தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கதவுப் பக்கத் தட்டில்தான் வைக்கிறோம், கூடவே ஒரு தெர்மாமீட்டர். போன வாரம் ஐஸ் எடுத்தபோதும் இன்சுலின் அதே பழைய மணல் பானைக்குத்தான் போனது. மறுநாள் காலையில் 5 டிகிரி காட்டிய பிறகு, அம்மாவே எடுத்து உள்ளே வைத்தார்.