வீட்டிலேயே பாட்டுப் பதிவு: இலவச மென்பொருளோடு பல ஆண்டுகள்

வீட்டில் பாட்டைப் பதிவு செய்ய இலவச மென்பொருள் போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகப் போதும் என்பதுதான். ஆனால் எந்த வேலைக்குப் போதும், எங்கே திணறும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பதிலால் பயன் உண்டு. பல ஆண்டுகளாக நான் ஆடாசிட்டி, ஆர்டோர் இரண்டில்தான் வேலை செய்து வருகிறேன். பதிவு செய்வது குரலும் கிட்டாரும், சில நேரம் புல்லாங்குழலும். மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, மைக் ஒன்று, காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று. வேறு கருவிகள் கிடையாது.

ஆடாசிட்டி 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு, 2000-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. முன்பு அதில் ஒரு பாட்டைச் சேமித்தால் சிறிய திட்டக் கோப்பு ஒன்றும், ஒலித் துணுக்குகள் நிறைந்த தனிக் கோப்புறை ஒன்றும் உருவாகும். இரண்டும் பிரிந்துவிட்டால் பாட்டு திறக்காது. 2021-இல் வந்த 3.0 பதிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தது. அதைவிடப் பெரிய நிம்மதி 2022-இல் வந்த 3.2 பதிப்பு. அதுவரை எதிரொலி சேர்த்தால் அது ஒலியோடு ஒட்டிவிடும். சற்றுக் குறைக்க நினைத்தால் செய்ததையெல்லாம் பின்னோக்கி அழித்துக்கொண்டே போக வேண்டும். இப்போது பாட்டு ஓடும்போதே விளைவுகளைக் கூட்டலாம், குறைக்கலாம், நீக்கலாம். ஒரே குரலைப் பதிவு செய்வதற்கும், வெட்டி ஒட்டுவதற்கும், இரைச்சலைத் துடைப்பதற்கும் இன்றும் முதலில் அதைத்தான் திறக்கிறேன்.

ஒரு டிராக்கின் (தனியாகப் பதிவு செய்த ஒலித்தடம்) மேல் இன்னொன்றைப் பாடும்போதுதான் உண்மையான சோதனை வருகிறது. புதிதாக வருபவர்கள் பலர் மென்பொருளைக் குறை சொல்லி விலகுவதும் இந்த இடத்தில்தான். கிட்டாரைக் கேட்டுக்கொண்டே சரியான தாளத்தில் பாடியிருப்பீர்கள். திரும்பப் போட்டால் குரல் பின்தங்கி நிற்கும். கணினி ஒலியைப் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேக்கித் தேக்கி அனுப்புவதே காரணம். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் எடுக்கும்போது, 1,024 மாதிரிகள் கொண்ட பஃபர் என்றால் ஏறத்தாழ 21 மில்லி விநாடித் தாமதம். 128 மாதிரிகள் என்றால் மூன்றுக்கும் கீழ். இது ஒரு திசைக்கு மட்டுமான கணக்கு. பாடகர் காதுக்குப் போய் மைக் வழியாகத் திரும்புவதற்குள் அது இரட்டிப்புக்கும் மேலாகிவிடும்.

இந்தத் தாமதத்தை ஈடுகட்ட ஆடாசிட்டி புதிய பதிவைத் தானாகவே 130 மில்லி விநாடி முன்னே நகர்த்திவைக்கிறது. அது எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவைத்த எண். உங்கள் கருவிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. அளந்து பார்ப்பது எளிது. மெட்ரோனோம் ஒலியுள்ள டிராக் ஒன்றை உருவாக்கி, இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே இணைத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டு அலைவடிவங்களுக்கும் இடையிலுள்ள விலகலை அளந்து, அமைப்புகளில் அந்த எண்ணைத் திருத்துங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் என் பதிவுகளின் தரத்தை இதைப் போல உயர்த்திய பிளகின் (மென்பொருளோடு இணைக்கும் துணை நிரல்) எதுவும் இல்லை. பாடும்போது உங்கள் குரலைக் கணினி வழியாகக் கேட்காமல், இன்டர்ஃபேஸில் உள்ள நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்துங்கள். அதில் தாமதமே உணர முடியாது.

மூன்று நான்கு டிராக்குகளுக்கு மேல் போனால் நான் ஆர்டோருக்கு மாறிவிடுகிறேன். பால் டேவிஸ் என்ற நிரலாளர் தொடங்கிய மென்பொருள் அது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள் பலவற்றில் செலவில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ், மேக் பயனர்களுக்கு ஒரு செய்தி: அதிகாரபூர்வத் தளத்தில் உடனே நிறுவத்தக்க வடிவத்துக்குச் சிறு தொகை கேட்கிறார்கள், இலவச மாதிரி வடிவம் பத்து நிமிடத்தில் ஒலியை நிறுத்திக்கொள்ளும். ஆர்டோரின் முகப்பு முதல் வாரத்தில் மிரட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒலித் தாமதத்தை அளக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. பல டிராக்குகளை ஒரே எதிரொலிப் பாதைக்கு அனுப்பும் வசதியும் முழுமையாக இருக்கிறது. குரலும் கிட்டாரும் ஒரே இடத்தில் இருந்து வருவது போல ஒலிக்க இந்தப் பொதுப் பாதை மிக முக்கியம். எதிரொலிக்கு டிராகன்ஃபிளை ரிவெர்ப் என்ற இலவசப் பிளகினைப் பயன்படுத்துகிறேன். அதை விட்டு விலக இதுவரை ஒரு காரணமும் வரவில்லை.

மென்பொருளில் மிச்சமான பணத்தை எதில் போடுவது? என் அனுபவத்தில், அறையின் ஒலியை அடக்குவதில். அதற்கும் பெரிதாகச் செலவு வேண்டாம். வெறும் சுவர்கள் உள்ள அறையில் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் விலையுயர்ந்த கண்டென்சர் மைக் வைத்தால் அது சுவர்களையும் சேர்த்தே பதிவு செய்யும். தடித்த திரை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி இவற்றின் நடுவே, அவ்வளவு நுண்ணுணர்வு இல்லாத டைனமிக் மைக்கை வைத்து ஒரு சாண் தூரத்தில் பாடினால் குரல் தெளிவாக நிற்கும். மைக்குக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாகப் பாடினால் "ப" வெடிக்காது. கிட்டாருக்கு மைக்கை ஒலித்துளையின் முன் வைக்க வேண்டாம், குமுறும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி வையுங்கள். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதிவு செய்தால் பாட்டின் உரத்த இடங்களில் ஒலி உடையாது.

இரைச்சல் நீக்கியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: குறைவாகப் பயன்படுத்துங்கள். பாடத் தொடங்கும் முன் சில விநாடி மௌனத்தைப் பதிவு செய்து, அதை மாதிரியாகக் காட்டி, ஆறு டெசிபல் குறைத்தால் போதும். அதிகம் குறைத்தால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவது போலாகிவிடும். மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். சார்ஜரிலிருந்து வரும் ரீங்காரம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். சுருதி திருத்தும் இலவசப் பிளகின்களும் இருக்கின்றன. பன்னிரண்டு சுரங்களுக்குக் குரலை இழுக்கும் அவை, சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் குழைவுகளைப் படிக்கட்டாக வெட்டிவிடுகின்றன. அந்த வரியை மறுபடி பாடுவதே நல்லது.

குறை என்று மனதாரச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வாத்தியங்களை வாசிக்காமலே பயன்படுத்தக் கிடைக்கும் ஆயத்த ஒலிகள். சிந்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச மென்பொருள் அருமை. டிரம்ஸுக்கு ஹைட்ரஜன், டிரம்கிஸ்மோ என்ற இலவச மென்பொருள்கள் நன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் வயலின் கூட்டமோ இயல்பான குழலோசையோ வேண்டுமென்றால், இலவசத் தொகுப்புகளில் தேடித் தேடி நேரம் கரைகிறது. கிடைப்பதிலும் உயிர் குறைவு. திரையிசை போன்ற பெரிய வாத்திய அமைப்பை மனதில் வைத்திருப்பவர்கள் அதற்கு மட்டும் பணம் ஒதுக்குவது நியாயமே. உண்மையான கருவியை மைக் முன் வாசிப்பவர்களுக்கு இந்தக் குறை பொருட்டல்ல.

இன்னொரு பழக்கத்தையும் வலியுறுத்துகிறேன். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கப் புள்ளியிலிருந்து முழு நீள ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் மோனோ என்றால் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு எட்டு டிராக் இருந்தாலும் 300 எம்பியைத் தாண்டாது. தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் இன்னும் சுருங்கும். நாளை எந்த மென்பொருளுக்கு மாறினாலும் அந்தக் கோப்புகள் திறக்கும்.