மொட்டை மாடி, கொசு, கொஞ்சம் யோகா

திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடக்கும் வகுப்பு இது. போர்டு எல்லாம் கிடையாது. மாதம் 900 ரூபாய், வாரம் 4 நாள், காலை 6 மணி. டீச்சர் ஓய்வு பெற்ற நர்ஸ். மூன்று மாதம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இதற்கு முன் ஓர் ஏசி ஹாலில் 4 வருடம் பழகினேன். சிரசாசனத்தில் மூன்று நிமிடம் நிற்பேன், போட்டோகூட இருக்கிறது. எனக்கு பிரஷர் உண்டா என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. இங்கே முதல் கேள்வியே அதுதான். தலைகீழாக நிற்பதை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஆசனம் கால் மணி நேரம்தான், மீதி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். முதல் வாரம் கடுப்பாக இருந்தது. நாடிசுத்தி என்ற மூச்சுப் பயிற்சி ஆரம்பித்ததும் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்: திருமந்திரத்தில் மூச்சை 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 நிறுத்தி, 32 விடச் சொல்லியிருக்கிறதே என்று. "திருமூலர் மாத்திரை இருக்கட்டும், நீங்க காலையில போடுற மாத்திரை என்ன சார்?" என்றார். எனக்கு நாலு எண்ணி இழுப்பது, எட்டு எண்ணி விடுவது, அவ்வளவுதான். கும்பகம், அதாவது மூச்சை நிறுத்தி வைப்பது, கிடையாது.

அப்புறம் கண்ணை மூடிக் கேட்பது. கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அதை விரட்டவும் கூடாது, பின்னாலேயே ஓடவும் கூடாது. நானோ விசிலில் தொடங்கி, சாம்பார், பருப்பு விலை, மளிகைக் கடை பாக்கி வரை போயிருப்பேன். "எத்தனை ஸ்டாப்பிங் தாண்டினீங்க?" என்று தினமும் கேட்பார். பிரத்தியாகாரம் என்றால் புலன்களை உள்ளே திருப்புவது என்று படித்ததுண்டு. விசிலுக்கும் சாம்பாருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது இங்கேதான் பிடிபட்டது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்குச் சொன்ன எட்டு அங்கங்களில் பிரத்தியாகாரம் ஐந்தாவது, ஆசனம் மூன்றாவது. ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்றே சூத்திரம் என்றும் டீச்சர்தான் சொன்னார். நான்கு வருடம் அதிலேயே குடியிருந்திருக்கிறேன்!

வங்கி கவுண்டரில் கூட்டம் சேர்ந்து யாராவது குரலை உயர்த்தினால், கத்துவதற்கு முன்னாலேயே காது சூடாவது இப்போது தெரிகிறது. சில நாள் தெரிந்தும் கத்துகிறேன்.

எடை குறைக்க நினைப்பவர்கள் போக வேண்டாம். பாய் நாமே கொண்டு போக வேண்டும். மழை பெய்தால் வகுப்பு இல்லை, அந்த நாளுக்கு ஈடும் இல்லை. சனிக்கிழமை இயமம், நியமம் என்ற ஒழுக்க விதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீச்சர் லேசில் நிறுத்த மாட்டார்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது கொசுவுக்காக.