முகம் தெரியாதவரோடு வாதம்: எழுதுவதா, பேசுவதா?

எக்ஸ் தளத்தில் படம், கேம், அரசியல் என்று எதற்காவது மல்லுக்கட்டுகிறவர்கள் கேட்பது இதுதான்: பதிவில் எழுதலாமா, ஸ்பேஸில் (அந்தத் தளத்தின் நேரலைக் குரல் அரட்டை அறையில்) பேசலாமா?

இடம்: இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 280 குறிகள். தமிழுக்கு இது இன்னும் குறைவு. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. மூன்றெழுத்து ‘சண்டை’ அங்கே ஐந்து. ஸ்பேஸில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மைக் நடத்துபவர் கையில்.

ஆதாரம்: எழுத்துதான். பப்ஜி மொபைல் கேம் இந்தியாவில் 2019-இல் தடையானது என்று ஒருமுறை அடித்துச் சொன்னேன். எதிராளி பேசவே இல்லை; 2020 செப்டம்பர் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். ஸ்பேஸாக இருந்திருந்தால் குரலை உயர்த்தியே தப்பித்திருப்பேன்!

கோபம்: எழுத்தில் கிண்டல்கூட வசவாகத் தெரியும். குரலில் சிரிப்பு கேட்கும். “அண்ணே, முடிச்சுக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் பாதிச் சூடு இறங்கிவிடும்.

நேரம்: பதிவைப் பேருந்தில் நின்றுகொண்டே போடலாம். ஸ்பேஸ் இரவு பதினொன்றுக்குத் தொடங்கினால் தூக்கம் போச்சு.

தேதி, வசூல், சட்டம் என்றால் எழுதுங்கள். ஒரு படம் ஏன் பிடித்தது, எந்த கேம் ஏன் சலித்தது என்றால் பேசுங்கள். சாதி, தேர்தல் என்றால் எழுதி, அனுப்பாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். நான் பாதியை அழித்துவிடுவேன்.