கோயில் மண்டபத்தில் நீரிழிவு ஆய்வு முகாம்: சாட்ஸ்வொர்த்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் புறநகரான சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபம் ஒன்றில் பல்கலைக்கழகக் குழுவொன்று நடத்திவரும் நீரிழிவு ஆய்வு முகாமுக்குச் சென்றுவந்தேன். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியில் வந்திறங்கிய ஏறத்தாழ 1,52,000 இந்தியர்களின் வழித்தோன்றல்களிடையே இந்நோய் மிகுந்திருப்பது தெரிந்ததே. இரத்தம் எடுத்துச் செல்பவர்கள் முடிவைச் சொல்லத் திரும்பி வருவதில்லை என்பதே இங்குள்ள பெரியவர்கள் பலரின் மனக்குறை.

அக்குறையை இக்குழு நீக்கியிருக்கிறது. கோயில் நிர்வாகிகளையும் மகளிர் குழுவினரையும் ஆலோசனைக் குழுவாக அமர்த்தி, அவர்களுடன் கலந்து பேசிய பிறகே கேள்வித்தாளைத் தயாரித்ததால், உணவுப் பகுதியில் பிரியாணியும் ஆடிக் கூழும்கூட இடம்பெற்றுள்ளன. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில், நீரிழிவைக் குறிக்கும் அளவான 6.5 சதவீதத்தைத் தொட்டவர்களுக்கு, அரசு மருத்துவ நிலையத்துக்கான கடிதத்தை அன்றே கொடுத்துவிட்டார்கள். மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து பணி அனுமதியில் வந்துள்ள அர்ச்சகர்களையும் சிற்பிகளையும் சமையற்காரர்களையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியான சூலுவிலும் மட்டுமே இருந்தது. எனக்கு முன் நின்ற தம்பிக்கு உடன் வேலை செய்பவரே மொழிபெயர்த்தார். பேச்சு முதலாளியின் காதுக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, குடிப்பழக்கம் பற்றிய கேள்விக்கு அந்தத் தம்பி வாய் திறக்கவேயில்லை. இவ்வாறு பெறும் விடைகளால் ஆய்வுக்கும் பயனில்லை. வெறும் வயிற்றில் வந்திருந்த அவர் பிறகு என்னிடம் நீட்டிய அட்டையில் சர்க்கரை 8 என்றிருந்தது. ஊரில் மூன்றிலக்க எண்களையே பார்த்துப் பழகியவர், எட்டுதானே என்று நிம்மதியாகப் புறப்பட்டுவிட்டார். இங்கே சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள்; ஊரில் டெசிலிட்டருக்கு (100 மி.லி.) இத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. 18-ஆல் பெருக்கினால் 144 மில்லிகிராம். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே நீரிழிவு என்று ஐயுற்று மறுபடி சோதிக்க வேண்டும் என்று விளக்கி, அவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

தங்களை ஆராய வருவோருக்கு, தென்னாப்பிரிக்கப் பழங்குடியினரான சான் மக்கள் தாங்களே நெறிமுறை வகுத்து 2017-இல் வெளியிட்ட நாடு இது. புதிதாக வந்தவர்களில் இருவருக்காவது ஆலோசனைக் குழுவில் இடம் தருவதும், அக்கம்பக்கத்தைச் சாராத மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும் இக்குழுவுக்கு இயலாத செயல்கள் அல்ல.

முகாமுக்குத் தாராளமாகச் செல்லுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் தாங்கள் நம்பும் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. விரும்பாத கேள்விக்கு விடையளிக்க மறுக்கவும், இடையில் விலகவும் உரிமை உண்டு; அதனால் மருத்துவ நிலையத்தில் கிடைக்கும் சிகிச்சை நின்றுவிடாது.