எட்டு ஞாயிறு, ஒரே ஒரு டென்ஸ்

திருப்பூரில் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. எட்டு வாரம், மொத்தம் 2,400 ரூபாய். போர்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் நான் சேர்ந்த பேட்ச்சில் எட்டு வாரமும் நடந்தது 'ஹேவ்', 'ஹேஸ்' போட்டுச் சொல்லும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் மட்டும்தான். ஒரு டென்ஸுக்கு எட்டு வாரமா என்று எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இடத்தின் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன், "இருக்கிற இருபது பேருக்கே சேர் பத்தலைங்க, வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் போடவில்லை.

நான் ஏன் போனேன் என்றால், பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை, பதினோரு வருஷமாக வெளிநாட்டு பையருக்கு மெயில் தட்டுகிறேன். போன வருஷம் ஒரு மெயிலில் 'வி டிட் நாட் ரிசீவ் தி லேப் டிப் அப்ரூவல்' என்று எழுதி அனுப்பினேன். லேப் டிப் என்றால் சாயம் போட்டு நிறம் பார்க்க அனுப்பும் சின்னத் துணித் துண்டு. அதற்கு அப்ரூவல் வரவில்லை, சீக்கிரம் அனுப்புங்கள், சாயப்பட்டறையில் துணி காத்துக்கொண்டிருக்கிறது, இதுதான் நான் சொல்ல வந்தது. லண்டனிலிருந்து பதில்: 'ஹேவ் யூ ரிசீவ்ட் இட் நவ்?' அதைத்தானே அய்யா சொல்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று இரண்டு நாள் போனது. எங்கே கோளாறு என்று இந்த வகுப்பின் ஐந்தாவது வாரத்தில்தான் தெரிந்தது. தமிழில் 'வரவில்லை' என்ற ஒரே சொல் 'அன்றைக்கு வரவில்லை' என்பதற்கும் ஆகும், 'இந்த நிமிஷம் வரைக்கும் வரவில்லை' என்பதற்கும் ஆகும். பையர் காதில் 'டிட் நாட்' என்றால் அது எப்போதோ நடந்து முடிந்த கதை. நான் எழுதியிருக்க வேண்டியது 'வி ஹேவ் நாட் ரிசீவ்ட்', கூடவே கடைசியில் ஒரு 'யெட்'.

இதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் மூன்று மாதம் போய் உட்கார்ந்திருக்கிறேன். கோ வென்ட் கான், கட் கட் கட் என்று பட்டியலை ஒப்பிக்கச் சொல்வார்கள். ஹேவ் ப்ளஸ் வி3 (கான் மாதிரி வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம்) என்று எழுதிப் போட்டு, 'கடந்த காலத்தில் நடந்து நிகழ்காலத்தோடு தொடர்புள்ள செயல்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த டென்ஸுக்குப் போய்விடுவார்கள். எந்தச் செயலுக்குத்தான் நிகழ்காலத்தோடு தொடர்பு இல்லை? எங்கள் தாத்தா 1970ல் காட்டை விற்றதற்கும் நான் இன்றைக்கு வாடகை வீட்டில் இருப்பதற்கும் நல்ல தொடர்பு இருக்கிறது, ஆனாலும் அதற்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட் வராது.

இங்கே முதல் நாள் ஃபார்முலாவே இல்லை. போர்டில் தமிழில் மூன்று சொல்: வந்தான், வந்திருக்கிறான், வந்துவிட்டான். என்ன வித்தியாசம், சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். அரை மணி நேரம் சண்டை. 'வந்திருக்கிறான் என்றால் ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறான்' என்று பின்னால் இருந்து ஒரு அக்கா சொன்னதும் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். உங்களுக்கு இந்த டென்ஸ் ஏற்கெனவே தெரியும், இங்கிலீஷ்காரன் எங்கே மட்டும் நம்மோடு ஒத்துவர மாட்டான் என்று பார்த்தால் போதும் என்றார். அதைத்தான் எட்டு வாரமும் பார்த்தோம்.

மூன்றாவது வாரம் முழுக்க 'நேற்று'. என்னைக் கேட்டால் கொடுத்த காசு அந்த ஒரு நாளுக்கே செரித்துவிட்டது. காலையில் கதவைத் திறக்கிறோம், வாசல் ஈரமாக இருக்கிறது, 'நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு' என்கிறோம். பார்க்கவில்லை, ஆனால் தடயம் இருக்கிறது, அதனால் 'பெஞ்சிருக்கு'. தமிழில் இதற்கு 'நேத்து' ஒரு தடையே இல்லை. இங்கிலீஷில் 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் நைட்' என்று முடிந்துபோன நேரத்தை வாயால் சொல்லிவிட்டால் ஹேவ், ஹேஸ் இரண்டுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். 'இட் ரெயிண்ட் லாஸ்ட் நைட்' மட்டும்தான். நாம் எல்லாரும் 'ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ் யெஸ்டர்டே' என்று எழுதுவது இதனால்தான் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. எங்களோடு ஒரு நர்ஸ் படித்தார், நைட் டூட்டி முடித்து நேராக வந்திருந்தார், 'தி பேஷன்ட் ஹேஸ் டேக்கன் தி டேப்லெட் அட் எய்ட்' என்று எழுதிக் காட்டினார். ஒன்று மணியை எடுங்கள், இல்லையென்றால் 'ஹேஸ் டேக்கன்' போய் 'டுக்' வரட்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்காது என்றார் டீச்சர்.

அப்படியானால் 'திஸ் மார்னிங்' என்று யாரோ கேட்டார்கள். டீச்சர் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மணி 11:40. "இன்னும் இருபது நிமிஷம் தாராளமா சொல்லலாமுங்க" என்றார். காலை முடியாத வரைக்கும் 'ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்' சரி. சாயங்காலம் அதையே சொல்ல 'ஐ சா ஹிம்' தான் வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் வகுப்பே சிரித்தது.

நாலாவது வாரம் ஒரு அக்கா 'மை ஹஸ்பண்ட் ஹேஸ் பீன் டு துபாய்' என்றார். "அப்ப வீட்டுக்கு வந்துட்டாருங்களா?" என்று டீச்சர் கேட்டதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லீங்க டீச்சர், அங்கதான் இருக்காரு, அடுத்த வருஷந்தான் வருவாரு." அப்படியென்றால் 'ஹேஸ் கான்'. போய்விட்டுத் திரும்பி வந்தவருக்குத்தான் 'பீன்'. நாம் 'காசிக்குப் போயிருக்கிறேன்' என்பதும் 'அப்பா கடைக்குப் போயிருக்கிறார்' என்பதும் ஒரே 'போயிருக்க' தான், ஆள் திரும்பினாரா இல்லையா என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார்.

சின்ஸ், ஃபார் குழப்பத்துக்கு அவர் வைத்திருக்கும் வழி ரொம்ப சுலபம். 'ஆ' என்று முடிந்தால் ஃபார், 'இருந்து' வந்தால் சின்ஸ். ரெண்டு மணி நேரமா, ஃபார் டூ ஹவர்ஸ். ரெண்டு மணியிலிருந்து, சின்ஸ் டூ ஓ க்ளாக். ஆக 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று நான் காலமெல்லாம் எழுதியது தமிழ்க் கணக்கிலேயே தப்பு. வினைச்சொல்லில்தான் தமிழ் காலை வாரும்: 'வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்பார்கள், 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுதக்கூடாது. இதை மட்டும் கடைசி இரண்டு வாரத்தில் அவசரமாகத் தள்ளினார், இன்னும் ஒரு ஞாயிறு கொடுத்திருக்கலாம்.

குறைகள் வேறும் உண்டு. 150 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு தரும் ஜெராக்ஸ் புத்தகத்தில் அச்சுப்பிழை ஏராளம், விடைப் பக்கத்தில் இரண்டு விடை தப்பு, கேட்டால் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள் என்கிறார். எல்லாமே பிரிட்டிஷ் வழக்குதான். அமெரிக்க கிளையன்டோடு பேசும் ஐடி பையன் ஒருவன், அவர்கள் 'டிட் யூ ஈட் யெட்?' என்றுதானே கேட்கிறார்கள் என்றான், அதுவும் சரிதான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அமெரிக்கர்கள் ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் கூடவும் சாதாரண இறந்த காலத்தைத் தாராளமாகப் போடுவார்கள், அந்தப் பையனுக்கு அது தினமும் வேண்டிய விஷயம். இன்னொன்று, காதுப் பழக்கம் போதவே போதாது. 'ஹீஸ் கான்', 'ஹீஸ் கோயிங்' இரண்டிலும் அந்த 'ஸ்' ஒன்றில் ஹேஸ், ஒன்றில் இஸ் என்று சொல்லிக் கொடுத்தார், ஆனால் வேகமாகப் பேசும் ஆள் யாரையும் போட்டுக் காட்டவில்லை. போனில் எனக்கு இன்னமும் 'ஐவ்' விழுங்கப்பட்டு வெறும் 'ஐ' தான் கேட்கிறது.

தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்ப வேண்டும், அன்றைக்கு என்னென்ன முடித்தாச்சு, எது இன்னும் முடியவில்லை என்று. தொல்லைதான், ஆனால் அதுதான் வேலை செய்தது. ராத்திரி பத்து மணிக்கு ஆனாலும் கேட்டுவிட்டுத் திருத்தி அனுப்புகிறார்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது சரிப்படாது, போர்ஷன் முடிக்கவே மாட்டார். முதல்முறையாக இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்கும் வேண்டாம். என்னைப் போல வருஷக்கணக்கில் தப்பாகவே எழுதிப் பழகினவர்கள் போகலாம். வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டம் இருக்கும், மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். ஃபேன் இரண்டுதான், ஒன்பதேமுக்காலுக்கே போனால் அதன் கீழே இடம் கிடைக்கும்.